வேலை போன நாளும் சிவப்பு அடையாளக் கார்டும்



அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பள்ளி ஆசிரியராக இருப்பவர் பாடம் மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. பாரம் நிரப்பித் தருவதும், அரசாங்கக் கடிதம் படித்துச் சொல்வதும் அவர் வேலைதான். அப்படி எங்களிடம் வரும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "வேலை நின்று போனால் பெர்கெசோவில் கொஞ்ச மாதங்களுக்குக் காசு கொடுக்கிறார்களாமே! எங்கள் வீட்டுக்காரருக்குச் சிவப்பு அடையாளக் கார்டுதான். அவருக்கும் கிடைக்குமா?" என்பதே அந்தக் கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கிடைக்கும். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வேலை இழந்த தோட்டத் தொழிலாளிக்கு இந்த நாடு ஒரு காலத்தில் கப்பல் சீட்டைக் கொடுத்தது. இன்னொரு காலத்தில் பெர்மிட் கேட்டது. இன்றுதான் உதவிப் பணம் கொடுக்கிறது. இந்த மூன்று கட்டங்களையும் தெரிந்துகொண்டால்தான், கையில் இருக்கும் உரிமையின் அருமை நமக்கு விளங்கும்.

முதலில் நம் வட்டாரத்தைப் பார்ப்போம். அசாம் ஜாவா என்றால் மலாய் மொழியில் புளி. அதற்குச் சற்றுத் தள்ளி, பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா இருக்கிறது. அங்கேதான் தென்னமரம் தோட்டம். 1917ஆம் ஆண்டு ஹென்ரி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபார நோக்கில் செம்பனை பயிரிட்டது அந்தத் தோட்டத்தில்தான். தோட்டத்தின் பெயரே தமிழ்! அதற்கு முன்பே கோலசிலாங்கூர் மாவட்டத்தில் காப்பியும் பிறகு ரப்பரும் பரவியிருந்தன. காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்கள்.

அவர்கள் எப்படி வந்தார்கள்? தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்துக் கங்காணி ஊருக்குப் போய், தன் சாதிசனத்தையும் அக்கம் பக்கத்தாரையும் அழைத்து வருவார். கப்பல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1907ஆம் ஆண்டு ஒரு சட்டத்தின்வழி தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. பின்னாளில் அது இந்தியக் குடியேற்ற நிதி எனப்பட்டது. தோட்டத் துரைமார் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதே பணத்தில் ஆட்களைத் திருப்பியும் அனுப்பினார்கள். இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். தொழிலாளியின் பெயரால் ஒரு நிதி அன்றே இருந்தது. ஆனால் அது அவன் வேலை இழந்து இங்கே இருக்கும்போது சோறு போடுவதற்கான நிதி அன்று. அவனைக் கொண்டுவந்து இறக்கவும், வேண்டாதபோது ஏற்றி அனுப்பவும் ஏற்பட்ட நிதி.

அதன் முழு வேலையும் 1930இல் வெளிப்பட்டது. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகமெங்கும் பரவியது. மோட்டார் வண்டி விற்பனை சரிந்தது. டயருக்கு ரப்பர் வாங்குவார் இல்லை. 1932இல் ரப்பர் விலை பவுண்டுக்கு ஏறத்தாழ ஐந்து காசு வரையில் இறங்கியது. ரப்பர் விலை விழுந்தால் முதலில் விழுவது சம்பளம். அடுத்து விழுவது ஆள் கணக்கு. 1928இல் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று வகுக்கப்பட்டிருந்த நாள் சம்பளம், 1930இல் 40 காசும் 32 காசுமாக வெட்டப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து நிதியுதவியோடு ஆள் கொண்டுவருவதும் நிறுத்தப்பட்டது. வேலை இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் பல பத்தாயிரக் கணக்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். சீட்டுக் காசு அந்தக் குடியேற்ற நிதியிலிருந்து வந்தது. அன்றைய மலாயாவில் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த வேலையிழப்பு உதவி இதுதான்: நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ ஒரு வழிப் பயணச் சீட்டு.

1934இல் ரப்பர் விலை சற்று ஏறியது. உடனே ஆள் கொண்டுவருவது மறுபடியும் தொடங்கியது. 1938இல் மீண்டும் சம்பளம் வெட்டப்பட்டபோது, நிதியுதவியோடு தொழிலாளர் வெளியேறுவதை இந்திய அரசாங்கமே தடை செய்தது. குழாயைத் திறப்பதும் மூடுவதும் போல மனிதர்களைக் கொண்டுவருவதும் அனுப்புவதுமாக இருந்த காலம் அது.

அதே காலத்தில் இந்த நாட்டை ஆண்ட பிரிட்டிஷார் தங்கள் சொந்த நாட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1911ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்துவிட்டது. கப்பல் கட்டுவோர், இயந்திரத் தொழிலாளர், கட்டடத் தொழிலாளர் முதலியோர் வாரந்தோறும் சில காசு கட்டினார்கள். முதலாளியும் கட்டினார், அரசாங்கமும் கொடுத்தது. வேலை போனால் வாராவாரம் உதவிப் பணம். 1920இல் அந்தத் திட்டம் உடலுழைப்பாளர் பெரும்பாலோருக்கும் விரிந்தது. ஆனால் அங்கேயும் விவசாயத் தொழிலாளியைச் சேர்க்கவில்லை. 1936இல்தான் அவருக்கு இடம் கிடைத்தது. மண்ணில் உழைப்பவன் எல்லா நாட்டிலும் கடைசி வரிசையில்தான் நின்றிருக்கிறான் என்பது இதனால் தெரிகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தோன்றியது. அதன் முதல் மாநாட்டிலேயே வேலையில்லாமை பற்றி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வேலையிழப்புக் காப்புறுதி உள்ள நாடுகள் தங்களுக்குள் பேசி, ஒரு நாட்டவர் மற்றொரு நாட்டில் வேலை செய்யும்போதும் உள்ளூர்த் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே அளவு உதவி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. பிறந்த நாட்டைப் பார்க்காதே, உழைத்த நாட்டைப் பார் என்ற எண்ணம் அன்றே எழுத்தில் வந்துவிட்டது. அது அசாம் ஜாவா பக்கம் வந்து சேர நூறு ஆண்டுக்கு ஓராண்டுதான் குறைவு.

இனி இரண்டாம் கட்டத்துக்கு வருவோம்.

யுத்தம் முடிந்தது. 1948இல் அவசரகாலம் பிறந்தது. அப்போதுதான் அடையாளக் கார்டும் அறிமுகமானது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா சுதந்திரம் அடைந்தது. அன்று முதல் இங்கே பிறந்த பிள்ளைகள் சட்டப்படி குடிமக்கள் ஆனார்கள். ஆனால் அதற்கு முன் பிறந்தவர்களும் வந்து குடியேறியவர்களும் பலர் மனுப் போட்டுத்தான் பிரஜாவுரிமை பெற வேண்டியிருந்தது. எத்தனை ஆண்டு இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பிறந்த பத்திரம் இல்லாதவர்கள், கைநாட்டு வைப்பவர்கள், பெரட்டுக்கும் பால் நிறுக்கும் இடத்துக்கும் அப்பால் எதையும் அறியாதவர்கள் பலர் இதைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள். "என்றைக்கு இருந்தாலும் ஊருக்குப் போகிறவர்கள்தானே நாம்" என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். இவர்கள் கையில் நிரந்தரவாசியின் சிவப்புக் கார்டு நின்றது. குடிமகனிடம் நீலக் கார்டு. ஒரே லயத்தில், ஒரே அடுப்படியில், தகப்பனுக்குச் சிவப்பும் மகனுக்கு நீலமுமாக வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ!

அந்த நாட்களில் தோட்டங்களிலும் நிலைமை ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதினார். தோட்டம் துண்டானால் வேலை போகும்; வேலையோடு லயத்து வீடும் போகும். இதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. முதல் தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம். வேலை போகாமல் காக்க நம் மக்கள் தாங்களே கட்டிய அணை அது.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சட்டம் வந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் அதைப் 'பெர்மிட்' என்றார்கள். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. நாட்டில் வேலையில்லாத குடிமக்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கே முதலிடம் என்பது அரசாங்கம் காட்டிய காரணம். சிவப்புக் கார்டு உள்ளவர்கள், இருபது முப்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், திடீரென்று வேலைக்கே அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறிப் போனவர்களின் கதையை நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. போனவர்களில் சிலருக்கு ஊரில் நிலமும் இல்லை, உறவும் இல்லை. பெற்றோர் போக, பிள்ளைகள் இங்கே நின்ற குடும்பங்களும் உண்டு. 1930இல் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். 1969இல் சீட்டைக் கேட்டு, அது இல்லாதவனைப் போக வைத்தார்கள். இரண்டிலும் கருத்து ஒன்றுதான். வேலை இருக்கும் வரைக்கும்தான் நீ இந்த நாட்டில் இருக்கலாம் என்பதே அது.

ஆனால், நேயர்களே, அதே காலத்தில் வேறொரு விதையும் மண்ணுக்குள் முளைவிட்டுக் கொண்டிருந்தது. அதையும் நாம் பார்க்கத் தவறக்கூடாது.

1951இல் ஊழியர் சேமநிதி அமைக்கப்பட்டது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து, முதலாளி நூற்றுக்கு ஐந்து என்று அது தொடங்கியது. 1969இல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971இல் சொக்சோ வேலையைத் தொடங்கியது. அதைத்தான் இன்று பெர்கெசோ என்கிறோம். வேலை செய்யும் இடத்தில் கை போனால், கால் போனால், உயிரே போனால் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் பணம். இந்த இரண்டு திட்டங்களிலும் நிரந்தரவாசிக்கு இடம் இருந்தது. காரணம் எளிது. இவை அரசாங்கம் தரும் தானம் அல்ல. தொழிலாளியின் பெயரில், அவன் உழைப்பிலிருந்து மாதாமாதம் கட்டப்படும் சந்தா. கட்டியவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

அடுத்து 1980இல் வேலை நீக்க, ஆள் குறைப்பு ஈட்டுத்தொகை விதிகள் வந்தன. தோட்டம் மூடப்பட்டாலோ ஆள் குறைக்கப்பட்டாலோ, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவருக்கு முதலாளி ஈட்டுத்தொகை தர வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். இருபது ஆண்டு வேலை செய்த ஒருவருக்கு நானூறு நாள் சம்பளம் ஆகிறது. இதிலும் கார்டின் நிறம் கேட்கப்படுவதில்லை.

மேலும் ஒன்று. ஆள் குறைக்கும்போது அதே வகை வேலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை முதலில் நிறுத்திய பிறகே உள்ளூர்க்காரரை நிறுத்த வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதியில், நிரந்தரவாசியை வெளிநாட்டுத் தொழிலாளராகக் கருதலாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1969இல் பெர்மிட் கேட்கப்பட்ட சிவப்புக் கார்டு, இந்த இடத்தில் உள்ளூர்க்காரன் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதைச் சொல்லும்போது இன்று நம் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசியரையும் வங்காளதேசத்தவரையும் நாம் இளப்பமாகப் பார்க்கக்கூடாது. நம் தாத்தா பாட்டி நின்ற இடத்தில்தான் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

இத்தனை இருந்தும் ஒரு குறை இருந்தது. ஈட்டுத்தொகையை முதலாளி கொடுத்தால்தான் உண்டு. கம்பெனியே நொடித்துப் போனால் யாரிடம் கேட்பது? 1998 பொருளாதார நெருக்கடியில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் நாட்டில் 80,000க்கும் மேற்பட்டோர் ஆள் குறைப்பில் வேலை இழந்தனர். ஆள் குறைப்புக்கென்று தேசிய நிதி ஒன்று வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கேட்டது. முதலாளிமார் தரப்பு தயங்கியது. பேச்சு நீண்டு கொண்டே போனது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுக்குப் பிறகு, 2017இல் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2018 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் ஆண்டில் இடைக்கால உதவியாக மாதம் 600 வெள்ளி, மூன்று மாதம் வரை கொடுக்கப்பட்டது. 2019 முதல் முழுத் திட்டமும் செயல்படுகிறது. 2020இல் கோவிட் நோய் பரவியபோது வேலை இழந்ததாகப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த நேரத்தில் இப்படி ஒரு திட்டம் இல்லாதிருந்தால் அந்தக் குடும்பங்களின் கதி என்ன என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

தனியார் துறையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் 18 முதல் 60 வயது வரையுள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது பொருந்தும். சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 0.2, முதலாளி நூற்றுக்கு 0.2 கட்ட வேண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளக்காரர் மாதம் கட்டுவது மூன்று வெள்ளிக்குச் சற்று மேல். ஒரு தட்டு ரொட்டி சானாய்க்கும் தேநீருக்கும் ஆகும் செலவு. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார்.

வேலை போனால் வேலை தேடும் காலத்துக்கான உதவிப் பணம் கிடைக்கும். முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 80. இரண்டாம் மாதம் 50. மூன்றாம், நான்காம் மாதங்களில் 40. ஐந்தாம், ஆறாம் மாதங்களில் 30. 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு ஏறக்குறைய 1,360, 850, 680, 510 என்று அது படிப்படியாக இறங்கும். எத்தனை மாதம் கிடைக்கும் என்பது எத்தனை மாதம் சந்தா கட்டினோம் என்பதைப் பொறுத்தது. அதிகம் போனால் ஆறு மாதம். முதன்முறை கேட்பவர் வேலை போவதற்கு முந்திய 24 மாதத்தில் குறைந்தது 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இதற்கிடையில் சீக்கிரமே வேறு வேலை கிடைத்துவிட்டால், மீதியுள்ள தொகையில் நான்கில் ஒரு பங்கை ஒரே தடவையில் கொடுத்துவிடுகிறார்கள். புதிய தொழில் கற்க விரும்பினால் பயிற்சிச் செலவுக்கும் உதவி உண்டு. முதலாளியிடமிருந்து ஈட்டுத்தொகை பெற்றவர் இதையும் கேட்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

யாருக்குக் கிடைக்காது? தானாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவருக்கும் கிடைக்காது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்யாதவருக்கும் கிடைக்காது.

இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சிவப்புக் கார்டு எங்கே செல்லும், எங்கே செல்லாது? ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், நம் சம்பளத்திலிருந்து கட்டியது கார்டின் நிறம் பார்ப்பதில்லை. அரசாங்கம் தன் கையிலிருந்து கொடுப்பது பெரும்பாலும் பார்க்கிறது. சேமநிதி, பெர்கெசோ, வேலைக் காப்புறுதி ஆகிய மூன்றும் முதல் வகை. ரஹ்மா ரொக்க உதவி, சமூகநல இலாகா முதியோருக்குத் தரும் மாத உதவி போன்றவை இரண்டாம் வகை. அவற்றுக்குக் குடியுரிமை வேண்டும். ஒரே குடும்பத்தில் நீலக் கார்டு மகன் பெறும் உதவியைச் சிவப்புக் கார்டு தகப்பன் பெற முடியாமல் போவது இதனால்தான். 2018 செப்டம்பரில், 60 வயதைத் தாண்டிய சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்க அமைச்சரவை இணங்கியிருப்பதாக அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். ஒரு பக்கம் அது மகிழ்ச்சி. மறுபக்கம் பார்த்தால், வேலைக் காப்புறுதிக்குரிய வயது 60இல் முடிந்துவிடுகிறது. உழைக்கும் வயதெல்லாம் காப்புறுதி இல்லாமல் உழைத்து, வயது கடந்த பின்னரே குடிமக்களாக ஏற்கப்பட்ட தலைமுறை அது. அவர்களுக்குக் கிடைக்காதது அவர்கள் பிள்ளைகளுக்கும் கைநழுவிப் போகக்கூடாது.

கைநழுவிப் போகுமா என்று கேட்கிறீர்களா? போகும். மூன்று வழிகளில் போகும்.

ஒன்று, சந்தா கட்டப்படாமல் போவது. இன்று தோட்ட வேலையில் பெரும்பகுதி காண்ட்ராக்டர் கையில் இருக்கிறது. மருந்து அடிப்பது, புல் வெட்டுவது, செம்பனைக் குலை அறுப்பது எல்லாமே காண்ட்ராக்ட். சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, சீட்டுக் கொடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் காண்ட்ராக்டரும் சட்டத்தின் கண்ணில் முதலாளிதான். சந்தா கட்டாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். சம்பளச் சீட்டில் சேமநிதி, பெர்கெசோ, வேலைக் காப்புறுதி என்று மூன்று பிடிப்பும் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

இரண்டு, கையெழுத்து. வேலை நிற்கும் நாளில் நீட்டப்படும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் 'நானே வேலையை விட்டு விலகுகிறேன்' என்று இருந்தால், ஈட்டுத்தொகைக்கும் ஆபத்து, உதவிப் பணத்துக்கும் ஆபத்து. 'ஆள் குறைப்பினால் நிறுத்தப்பட்டார்' என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. சங்கத்தில் இருப்பவர்களுக்குத் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் இருக்கிறது.

மூன்று, காலம் கடத்துவது. வேலை போன கவலையில் ஒரு மாதம் போகும். யாரையோ பார்க்கலாம் என்று இன்னொரு மாதம் போகும். 60 நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அடையாளக் கார்டு, வேலை நிறுத்தக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பேங்குக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பெர்கெசோ அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

வட சிலாங்கூரில் தோட்டங்கள் சுருங்கி வருவதை நாம் கண்ணால் காண்கிறோம். நேற்று ரப்பர் நின்ற இடத்தில் இன்று வீடமைப்பும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய தோட்டங்களின் மக்கள் வேலை போன பிறகும் வீட்டுக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்ததை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆறு மாத உதவிப் பணம் ஒரு வீட்டைக் கட்டித் தராது. இழந்த மண்ணைத் திருப்பித் தராது. ஆனால் அடுப்பு எரியவும், பிள்ளை பள்ளிக்கூடம் போகவும், கந்துவட்டிக்காரன் வாசலை மிதிக்காமல் இருக்கவும் அது உதவும்.

1930இல் வேலை போனவனிடம் "ஊருக்குப் போ" என்றார்கள். 1969இல் "பெர்மிட் எங்கே?" என்றார்கள். இன்று அதே சிவப்புக் கார்டை நீட்டி, "நான் சந்தா கட்டியிருக்கிறேன், என் பங்கைக் கொடுங்கள்" என்று கேட்க முடிகிறது. கேட்பது பிச்சை அன்று. நம் முன்னோர் கட்டிய கால்வாயிலும், நாம் அறுத்த குலையிலும், மாதாமாதம் பிடித்த அந்த மூன்று வெள்ளியிலும் அதற்கு விலை கொடுத்தாகிவிட்டது. ஆகவே, இன்றிரவே வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து, சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து, மாத வரிசையில் அடுக்கி வையுங்கள். சீட்டே இல்லை என்றால், ஏன் இல்லை என்று நாளைக் காலைப் பெரட்டில் கேளுங்கள்.